பள்ளி மேடையிலிருந்து படப்பிடிப்புத் தளம் வரை: நடிக்க விரும்பும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண்டு விழாவில் ஒரு பிள்ளை நன்றாக நடித்துவிட்டால், அடுத்த வாரமே வீட்டில் எழும் கேள்வி "சினிமாவில் சேர்த்துவிடலாமா?" என்பதுதான். அந்த ஆசையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஏழு வயதில் மழலையால் கைதட்டல் வாங்கும் பிள்ளைக்கும், இருபத்தைந்து வயதில் ஒரு வேடத்தைத் தோளில் தாங்கி நிற்கும் நடிகருக்கும் இடையே நீண்ட காலம் கிடக்கிறது. அதிலும் பன்னிரண்டு முதல் பதினெட்டு வரையிலான ஆண்டுகளை எப்படிக் கழித்தார்கள் என்பதைப் பொறுத்தே பலருடைய நடிப்பு வாழ்க்கை தொடர்கிறது அல்லது நின்றுபோகிறது. சிறுவர் நாடகப் பயிற்சியில் ஈடுபட்டுவரும் நான், பெற்றோர்களிடம் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது இந்த ஒன்றைத்தான். இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதியே நீளமாக இருக்கும்.

பாய்ஸ் கம்பெனிகள் விட்டுச்சென்ற பாடம்

தமிழ் நாடகத்துக்கு இந்தப் பாதை புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) சிறுவர்களை மட்டும் வைத்து நாடக சபை நடத்தினார். டி.கே. சண்முகம் உள்ளிட்ட டி.கே.எஸ். சகோதரர்கள் 1918-இல் அவரிடம் சேர்ந்து, 1925-இல் தங்கள் சொந்த சபையைத் தொடங்கினார்கள். இப்படிச் சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட நாடக சபைகளைத்தான் பாய்ஸ் கம்பெனி என்றார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் எம்.ஆர். ராதாவும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள். எம்.என். நம்பியார் தம் பதின்ம வயதில் நவாப் ராஜமாணிக்கத்தின் சபையில் சேர்ந்தார். சிவாஜி முதலில் பெண் வேடங்களில்தான் தொடங்கினார்.

அந்த சபைகளில் கண்டிப்பு கொடுமையாகவே இருந்தது. பெற்றோரைப் பிரிந்து, பள்ளிப் படிப்பை இழந்து, சொற்பச் சம்பளத்துக்கு ஊர் ஊராக அலைந்த பிள்ளைகள் அவர்கள். அந்த நிலை திரும்ப வரக் கூடாது. ஆனால் ஒரு விஷயத்தில் அந்த வாத்தியார்கள் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். வளரும் வயதில் மகரக்கட்டு உடைந்து, அதாவது குரல் உடைந்து, பையனால் பழைய சுருதியில் பாட முடியாமல் போகும் என்பதை அவர்கள் முன்கூட்டியே அறிந்திருந்தார்கள். ஸ்திரீ பார்ட், அதாவது பெண் வேடம், போட்ட பையன் அதன் பிறகு சிறு வேடங்களுக்கு மாறினான். சிலர் வாத்தியம் கற்றார்கள், சிலர் பக்கத் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுத்தார்கள். முன்வரிசை வேடம் போனாலும் நாடகத்தை விட்டுப் போகவில்லை. இன்று அந்த வயதில்தான் நாம் பிள்ளைகளை மொத்தமாக மேடையிலிருந்து இறக்கி டியூஷனுக்கு அனுப்புகிறோம்.

முதல் கட்டம்: ஐந்து வயது முதல் பத்து வரை

இந்த வயதில் நடிப்புப் பயிற்சி என்று தனியாக எதுவும் தேவையில்லை. விளையாட்டு போதும். கதை சொல்வது, கேட்ட கதையை வீட்டார் முன் நடித்துக் காட்டுவது, பாட்டுக்கு அசைவது, பொம்மைக்குக் குரல் கொடுப்பது ஆகியவற்றிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. சினிமா வசனத்தை மனப்பாடம் செய்யவைத்து, அந்த நடிகரைப் போலவே பேசச் சொல்லி, விருந்தினர் முன் நிறுத்துவதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அதில் பிள்ளை கற்றுக்கொள்வது இன்னொருவரின் முடிவை நகலெடுக்கும் பழக்கத்தை மட்டுமே. பத்து ஆண்டுகள் கழித்து இயக்குநர் ஒருவர் "நீ இதை எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டால் பதில் இருக்காது.

நல்ல நாடகங்களைப் பார்க்கக் கூட்டிச் செல்லுங்கள். புதுச்சேரியைச் சேர்ந்த வேலு சரவணன் பள்ளி பள்ளியாகச் சென்று சிறுவர் நாடகங்களை நடத்திவருபவர். குழந்தைகளோடு சேர்ந்து அவர் ஆடுவதைப் பார்த்த பிள்ளைக்கு, மேடை அச்சப்பட வேண்டிய இடம் அல்ல என்பது சொல்லாமலே புரியும். சென்னையில் தி லிட்டில் தியேட்டர் சிறுவர்களுக்கான நாடகங்களை நீண்ட காலமாக மேடையேற்றிவருகிறது. வட மாவட்டங்களில் இருப்பவர்களுக்குத் தெருக்கூத்து வீட்டு வாசலிலேயே கிடைக்கும். செய்யாறு பக்கம் புரிசையில் கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரானின் மரபு இன்றும் தொடர்கிறது. இரவு முழுக்க விழித்திருந்து ஒரு கூத்தைப் பார்ப்பது, ஒரு மாத நடிப்பு வகுப்பைவிட அதிகம் கற்றுத்தரும்.

இரண்டாம் கட்டம்: குழுவைத் தேர்ந்தெடுப்பது

எட்டு அல்லது ஒன்பது வயதில் பிள்ளையே கேட்டால் ஒரு நாடகக் குழுவிலோ விடுமுறைப் பட்டறையிலோ சேர்க்கலாம். அதற்கு முன் ஒரு ஒத்திகையை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். பார்க்க அனுமதி மறுக்கும் குழுவில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். இதில் சமரசமே வேண்டாம்.

ஒத்திகையில் எதைக் கவனிப்பது? வசனம் இல்லாத பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நல்ல குழுவில் மரமாக நிற்கும் பிள்ளைக்கும் ஒரு வேலை இருக்கும். எந்த நேரத்தில் காற்று வருகிறது, யார் வரும்போது கிளை அசைய வேண்டும் என்று அதுவும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். மோசமான குழுவில் இரண்டு பிள்ளைகள் கத்திப் பேச, மற்றவர்கள் மூலையில் கொட்டாவி விடுவார்கள். அடுத்து, ஆசிரியர் வசனத்தைத் தானே சொல்லிக்காட்டி அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்கிறாரா, அல்லது "இந்தப் பாட்டி ஏன் கோபமாக இருக்கிறாள்?" என்று கேட்கிறாரா என்று பாருங்கள். இரண்டாவது வகை ஆசிரியரைத் தேடிப் பிடியுங்கள். கட்டணம் குறைவு, கூடம் சிறியது, மின்விசிறி சரியில்லை என்பதெல்லாம் பெரிய குறைகள் அல்ல.

இந்தக் கட்டத்தில் பிள்ளை கற்க வேண்டியவை மூன்றே. கடைசி வரிசைக்குக் கேட்கும்படி, தொண்டையை இறுக்காமல் பேசுவது. எதிரில் நிற்பவர் சொல்வதை உண்மையிலேயே கேட்பது. பிழை நேர்ந்தால் நாடகத்தை நிறுத்தாமல் தொடர்வது. சிரித்துவிட்டாலும், தலைப்பாகை கழன்று விழுந்தாலும், வேடத்துக்குள் இருந்தபடியே அதைச் சமாளிக்கும் பிள்ளைக்குப் பாராட்டு முதலில் கிடைக்க வேண்டும்.

குழந்தை நட்சத்திர வாய்ப்பு வந்தால்

சில வீடுகளுக்கு இந்த வயதிலேயே படத்திலோ தொடரிலோ விளம்பரத்திலோ நடிக்க அழைப்பு வரும். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் குடும்பத்தின் விருப்பம். ஒப்புக்கொண்டால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் 14 வயது நிறையாத பிள்ளைகளைக் கலைஞர்களாக அனுமதிக்கிறது. ஆனால் 2017-இன் விதிகள் அதற்குத் தெளிவான எல்லைகளை வகுத்திருக்கின்றன.

ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் நடிக்கவைக்கக் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பள்ளிப் படிப்பு தடைபடாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். 5 பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்க வேண்டும். பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் பிள்ளையின் பெயரிலேயே வைப்புத்தொகையாக நேரடியாகச் செலுத்த வேண்டும். வயது வந்த பிறகு அது அந்தப் பிள்ளைக்குச் சேரும். பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்கவைக்கக் கூடாது என்பதும் விதியிலேயே இருக்கிறது.

இவற்றைக் கேட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்று பெற்றோர் தயங்குகிறார்கள். "அனுமதி நகல் ஒன்று தாருங்கள், பள்ளியில் கொடுக்க வேண்டும்" என்று இயல்பாகக் கேளுங்கள். ஒழுங்கான நிறுவனம் தந்துவிடும். தாயோ தந்தையோ எந்நேரமும் தளத்தில், பிள்ளையைப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். ஏதேனும் தவறு நடந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் நாள் முழுக்க இயங்குகிறது. பாலியல் தொந்தரவு என்றால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-இன் போக்சோ சட்டம் உண்டு. 1098 என்ற எண்ணைப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்.

மூன்றாம் கட்டம்: பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை

இனி வருவதுதான் கடினமான பகுதி. பையனுக்குக் குரல் உடைகிறது. பெண்ணுக்கு உடல் மாறுகிறது. நேற்று வரை மேடையில் உருண்டு புரண்டவள் இன்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே வசனம் பேசுகிறாள். மழலைக்காகக் கிடைத்த கைதட்டல் நின்றுவிடுகிறது. கதாநாயக வேடத்துக்கு வயது போதவில்லை, குழந்தை வேடத்துக்கு உயரம் அதிகம். "உனக்கு இனி நடிப்பு வராது" என்று யாராவது சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை அதை ஆயுளுக்கும் நம்பிவிடுகிறது.

கமல்ஹாசனின் கதையை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். 1960-இல் குழந்தை நட்சத்திரமாகப் பெரும் புகழோடு அறிமுகமானவர். சில படங்களுக்குப் பிறகு டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவில் சேர்ந்தார். நடனம் கற்றார், தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளராக வேலை பார்த்தார். 1970-களின் முற்பகுதியில் கே. பாலசந்தரின் படங்கள் வழியாகத்தான் வளர்ந்த நடிகராக மீண்டும் கவனம் பெற்றார். இடைப்பட்ட காலத்தில் முகம் திரையில் அதிகம் தெரியவில்லை, ஆனால் உடம்பும் குரலும் தொழிலைத் தொடர்ந்து கற்றுக்கொண்டே இருந்தன. எல்லோருக்கும் அந்த அளவு திறமை வாய்க்காது. அந்த வயதைப் பயன்படுத்திய விதத்தை எல்லோரும் பின்பற்றலாம்.

நடைமுறையில் என்ன செய்வது? குரல் உடையும் மாதங்களில் உரக்கக் கத்தும் வேடங்களைத் தராதீர்கள். கரகரப்போடு கத்திப் பழகினால் அது நிரந்தரமாகத் தங்கிவிடலாம். தாழ்ந்த குரலில், நிதானமாக, தினமும் கால் மணி நேரம் வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். கவிதையும் படிக்கட்டும், செய்தித்தாளின் தலையங்கமும் படிக்கட்டும். ல, ள, ழ, ந, ன, ண உச்சரிப்பு இந்த வயதில் திருந்தினால் பிறகு டப்பிங் கூடத்தில் அவமானப்பட வேண்டியிருக்காது.

உடலுக்கு ஏதேனும் ஒரு கலை வேண்டும். சிலம்பம், பரதம், பறை, களரி, கூத்து அடவு, எதுவானாலும் சரி. ஓர் ஆசிரியரிடம் இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கற்பதுதான் முக்கியம். உடல் மாறும் காலத்தில் வரும் கூச்சத்தைப் பேசிப் போக்க முடியாது. அடவு பழகும்போது அது தானாகவே குறைகிறது.

மேடைக்குப் பின்னால் வேலை கொடுங்கள். ஒளியமைப்புக்கு உதவுதல், ஒப்பனை, பொருட்களின் பட்டியலைக் காப்பது, சிறியவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பது எல்லாம் பயிற்சிதான். ஒரு நாடகத்தை ஓரத்தில் நின்று இருபது முறை பார்த்த பிள்ளைக்கு, ஒரு காட்சி எந்த இடத்தில் தொய்கிறது என்பது உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரியும்.

வசனத்தைப் பிரித்துப் படிக்கும் பழக்கமும் இப்போதே தொடங்க வேண்டும். நான் அடிக்கடி தரும் பயிற்சி ஒன்று. மதிப்பெண் அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஒரு பையன் நிற்கிறான். அப்பா "என்னடா?" என்கிறார். அவன் சொல்ல வேண்டியது "ஒன்றும் இல்லை அப்பா" என்ற ஒரே வரி. முதலில் எல்லோரும் பயந்த முகத்தைக் காட்டுவார்கள். அப்போது கேட்பேன்: "நீ பயத்தைக் காட்டினால் அப்பா கண்டுபிடித்துவிடுவாரே. உனக்கு என்ன வேண்டும்?" அவர் இந்த அறையை விட்டுப் போக வேண்டும். அப்படியானால் அவரைப் போகவைக்கப் பேசு. உடனே ஒரு பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்லும், இன்னொன்று அம்மா கூப்பிடுவதாகச் சேர்த்துச் சொல்லும், மற்றொன்று பேசாமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கடைசியில் மெதுவாகச் சொல்லும். உணர்ச்சியைத் தேடிக்கொண்டிருந்தபோது கிடைக்காத நடிப்பு, பாத்திரத்தின் தேவையைத் தேடியவுடன் கிடைத்துவிடுகிறது. ஒரு பக்க வசனத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே "இதைச் சொல்லி நான் அவரை என்ன செய்யவைக்கப் பார்க்கிறேன்?" என்று பென்சிலால் எழுதிவரச் சொல்லுங்கள். வாரம் ஒரு பக்கம் போதும்.

படிப்பை நிறுத்தவே கூடாது. நடிகர்கள் நிறையப் படிக்க வேண்டியவர்கள் என்பது ஒரு காரணம். மேற்கொண்டு நாடகப் பட்டம் படிக்க அடிப்படைக் கல்வி வேண்டும் என்பது இன்னொன்று.

நான்காம் கட்டம்: குழுவா, கல்லூரியா?

பதினெட்டு வயதுக்குப் பிறகு இரண்டு வழிகள் இருக்கின்றன. பலர் இரண்டிலும் நடந்திருக்கிறார்கள்.

முதல் வழி, தீவிரமாக இயங்கும் நாடகக் குழு. ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை இதற்குச் சிறந்த சான்று. தெருக்கூத்தின் உடல்மொழியையும் நவீன நாடகத்தையும் சேர்த்துப் பயின்ற அந்த இடத்திலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விதார்த், விமல் போன்றோர் திரைக்கு வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்து, நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். பிரளயனின் சென்னைக் கலைக்குழு வீதி நாடகத்தில் உழைத்துவரும் குழு. முருகபூபதியின் மணல்மகுடியும் ஆரோவில் அருகே உள்ள ஆதிசக்தியும் உடலையும் குரலையும் வேறு விதங்களில் அணுகுபவை. எந்தக் குழுவானாலும் முதல் ஓராண்டு பெரிய வேடம் கிடைக்காது என்று எதிர்பார்த்தே செல்லுங்கள்.

சென்னையின் சபா அரங்குகளில் நடக்கும் சபா நாடகமும் ஒரு பள்ளிதான். 1952-இல் தொடங்கிய யு.ஏ.ஏ. (யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ்) போன்ற குழுக்கள் பல நடிகர்களை உருவாக்கியிருக்கின்றன. டெல்லி கணேஷ் விமானப்படையில் பணியாற்றியபடியே டெல்லியில் நாடகத்தில் நடித்து, பிறகு சென்னை வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் சேர்ந்து, அதன் பின் திரைக்கு வந்தவர். நகைச்சுவை வசனத்தை எந்த நொடியில் விட வேண்டும், சிரிப்பு அடங்கும் வரை எப்படிக் காத்திருக்க வேண்டும் என்பதை உயிருள்ள பார்வையாளர்கள் மட்டுமே கற்றுத்தர முடியும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களையும் பார்த்துவிடுங்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியாக ஒப்பந்தமாகி வந்து, சேர்ந்து ஒத்திகை பார்க்காமலே இரவு முழுவதும் வள்ளி திருமணம் நடத்திவிடுவார்கள்.

இரண்டாவது வழி, முறையான படிப்பு. டெல்லியில் 1959-இல் தொடங்கப்பட்ட தேசிய நாடகப் பள்ளியில் 3 ஆண்டுப் படிப்பு உண்டு. பட்டப்படிப்போடு ஏற்கெனவே நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் கேட்கிறார்கள். எனவே பள்ளி நாட்களிலிருந்தே நாடகங்களின் நோட்டீஸ், நிகழ்ச்சி நிரல், புகைப்படம், சான்றிதழ் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது. புனே திரைப்படக் கல்லூரியில் திரை நடிப்பைத் தனிப் படிப்பாகக் கற்பிக்கிறார்கள். வயது வரம்பும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பை நேரடியாகப் பாருங்கள். மூன்றே மாதத்தில் நடிகராக்கிப் படவாய்ப்பும் வாங்கித் தருவதாக விளம்பரம் செய்யும் இடங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வாய்ப்பை எந்தப் பயிற்சிக்கூடமும் உறுதியாகத் தர முடியாது.

ஐந்தாம் கட்டம்: மேடையிலிருந்து கேமராவுக்கு

மேடை நடிகர் என்றால் மிகையாக நடிப்பார் என்று திரையுலகில் ஒரு முன்முடிவு உண்டு. முன்முடிவை வாதாடி மாற்ற முடியாது. வேலையில்தான் மாற்ற முடியும். மேடையில் நாம் கடைசி வரிசைக்குப் பேசினோம். கேமராவில் அந்தக் கடைசி வரிசை நம் முகத்துக்கு அருகே வந்துவிடுகிறது. ஆகவே எண்ணம் அதே தீவிரத்தோடு இருக்க, வெளிப்பாடு மட்டும் சுருங்க வேண்டும். படமெடுக்கும் முன் "இது வைடா (தூரத்திலிருந்து எடுக்கும் அகலக் காட்சியா), குளோசப்பா (முகத்துக்கு அருகே எடுப்பதா)?" என்று உதவி இயக்குநரிடம் பணிவாகக் கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

இன்னொரு சிக்கல், தொடர்ச்சி. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வைட் ஷாட்டில் "நாளைக்கு" என்ற சொல்லில் டம்ளரை எடுத்து, வரி முடிந்ததும் ஒரு வாய் குடித்தீர்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே வரியைக் குளோசப்பில் எடுக்கும்போதும் அதே சொல்லில், அதே கையால் எடுக்க வேண்டும். இல்லையென்றால் படத்தொகுப்பாளரால் இரண்டையும் ஒட்ட முடியாது. உங்கள் நல்ல டேக் குப்பைக்குப் போகும். வீட்டிலேயே செல்போனை மேசையில் நிறுத்தி, ஒரே வரியை மூன்று கோணங்களில் எடுத்து ஒட்டிப் பாருங்கள். இதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

தரையில் ஒட்டிய குறியைப் பார்க்காமலே அதில் வந்து நிற்பது, எதிரில் ஆள் இல்லாமல் லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துப் பேசுவது, இறுதிக்காட்சியை முதல் நாளிலேயே நடிப்பது ஆகியவையும் பழகப் பழக வரும். கடைசியாகச் சொன்னதற்கு மேடைப் பயிற்சி பெரும் துணை. முழு நாடகத்தையும் தலைக்குள் வைத்திருந்த நடிகருக்கு, கதையின் எந்தப் புள்ளியில் நிற்கிறோம் என்பது குழம்புவதில்லை.

குறும்படங்களில் நடியுங்கள். திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுக்கும் படங்களுக்கு நடிகர்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். சம்பளம் இருக்காது என்றாலும் பயணச் செலவையும் படத்தின் பிரதியையும் கேட்டுப் பெறுங்கள்.

நடிகர் தேர்வுக்கு (ஆடிஷனுக்கு) செல்லும்போது

மாறுபட்ட இரண்டு தனி நடிப்புகள் எப்போதும் தயாராக இருக்கட்டும், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள். புகழ்பெற்ற படத்தின் காட்சியைச் செய்யாதீர்கள்; பார்ப்பவர் மனத்தில் அசல் நடிகர் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு சிறுகதையிலிருந்தோ நாடகத்திலிருந்தோ எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்படங்களில் ஒப்பனை குறைவாக இருக்கட்டும்: முகம், முழு உருவம், பக்கவாட்டு முகம், அவ்வளவு போதும்.

வீடியோ அனுப்பச் சொன்னால் போனைக் கிடைமட்டமாக வைத்து, வெறும் சுவருக்கு முன், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி எடுங்கள். எதிர் வசனத்தை யாராவது கேமராவுக்கு ஒட்டினாற்போல் நின்று மெல்லிய குரலில் படிக்கட்டும். பின்னணி இசை வேண்டாம். பெயர், வயது, உயரம், தெரிந்த மொழிகள், வட்டார வழக்கு ஆகியவற்றைத் தொடக்கத்தில் சொல்லுங்கள். வாகனம் ஓட்டத் தெரியும், நீச்சல் தெரியும், பறை அடிக்கத் தெரியும் என்பதையும் சொல்லுங்கள். நெல்லைத் தமிழோ கொங்குத் தமிழோ உங்கள் நாவில் இயல்பாக இருந்தால் அது பெரிய சொத்து.

வாய்ப்புக்காகப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அங்கேயே விலகிவிடுங்கள். பதிவுக் கட்டணம், போட்டோ கட்டணம், அட்டைக் கட்டணம் என்று பெயர் மட்டும் மாறும். தேர்வு ஓட்டல் அறையில் என்றால் போகாதீர்கள். அலுவலகத்தில் என்றாலும் முதல் முறை ஒருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பதினெட்டு வயது நிறையாதவர் பெற்றோர் இல்லாமல் எந்தத் தேர்வுக்கும் போகக் கூடாது. பணியிடத்தில் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் படப்பிடிப்புக்கும் பொருந்தும். உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா என்று கேட்கப் பெண்களுக்கு முழு உரிமை உண்டு.

வருமானமும் ஒப்பந்தமும்

முதல் சில ஆண்டுகளில் நடிப்பு மட்டுமே சோறு போடும் என்று கணக்குப் போடாதீர்கள். நடிப்போடு ஒட்டிய வேலைகள் இருக்கின்றன: டப்பிங் குரல், ஒலிப்புத்தகம், பள்ளிகளில் நாடக ஆசிரியர், நிகழ்ச்சித் தொகுப்பு, விளம்பரக் குரல். பள்ளிகளில் நாடகம் கற்றுத்தரும் வேலையை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நம் நடிப்பும் கூர்மையாகிறது. மேடையையும் விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு நாடகமாவது செய்கிறவரின் குரலும் நினைவாற்றலும் கேமராவுக்கு முன் உதவிக்கு வரும்.

சிறிய வேடமானாலும் சம்பளம், எத்தனை நாள், பயணமும் தங்குமிடமும் யார் பொறுப்பு, பாதி எப்போது, மீதி எப்போது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒரு பக்கக் கடிதமோ மின்னஞ்சலோ போதும். தமிழ்ப் படங்களில் பலர் தவறவிடுவது டப்பிங் நாட்களை. படப்பிடிப்பு முடிந்து மாதங்கள் கழித்து அழைப்பார்கள். அதற்குத் தனிச் சம்பளமா, முதல் தொகையிலேயே சேர்ந்ததா என்பதும், உங்கள் வேடத்துக்கு உங்கள் குரலே பயன்படுத்தப்படுமா என்பதும் கையெழுத்துக்கு முன்பே தீர்மானமாகிவிட வேண்டும்.